வலிக்காத ஞானப்பல்லை என்ன செய்வது?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வயது 24. வேறொரு பல்லின் சொத்தைக்காகப் போன இடத்தில், எல்லாப் பற்களும் இரண்டு தாடைகளும் ஒரே படத்தில் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ் ஞானப்பல் இரண்டும் கோணலாக இருப்பது அதில் தெரிந்தது. வலது பக்கத்தது முன்னால் சாய்ந்து, பாதி ஈறுக்கு வெளியே தலைகாட்டுகிறது. இடது பக்கத்தது முழுக்க எலும்புக்குள் படுத்துக் கிடக்கிறது. போன வருடம் வலது பக்கம் இரண்டு நாள் ஈறு வீங்கித் தானாக அடங்கியதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. ஒரு மருத்துவர், "நாலையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம், வயது ஏற ஏறக் கஷ்டம்" என்கிறார். இன்னொருவர், "சும்மா இருப்பதை ஏன் கிளற வேண்டும்" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இருக்கிற கேள்வி எனக்கு இப்படித்தான் கேட்கிறது: நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஒரு தொல்லைக்குப் பயந்து, நிச்சயமாக வரப்போகிற ஒரு வாரத்து வலியையும் வீக்கத்தையும், கூடவே கொஞ்சம் நரம்பு ஆபத்தையும் இன்றைக்கே வாங்கிக்கொள்ளலாமா?

வாய், தாடை அறுவை சிகிச்சைதான் என் தொழில். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை, வாயையும் திறந்து பார்க்கவில்லை. அதனால் 'எடு', 'விடு' என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்களைப் போன்றவர்கள் எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கிறோம் என்பதைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். "நாலையும்" என்று மொத்தமாகப் பேச ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் வாயில் இருக்கிற நாலு பல்லுக்கும் நாலு தனித்தனி கணக்கு.

சந்தேகமில்லாத பகுதியிலிருந்து தொடங்கலாம். ஞானப்பல்லில் நோய் இருந்தால் எடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் சண்டை கிடையாது. அடைக்க முடியாத சொத்தை, வேர் நுனியில் சீழ், பல்லைச் சுற்றி நீர்க்கட்டி, முன்னால் இருக்கிற இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர் அரிபடுவது, அந்தப் பல்லுக்குப் பின்புறம் எலும்பு கரைவது, ஈறு திரும்பத் திரும்பச் சீழ் கட்டுவது என்று இவற்றில் ஒன்று இருந்தாலும், அதற்குப் பிறகு பேச வேண்டியது எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது என்பதைத்தான். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கப்போகிறவர்களுக்கும், எலும்பு கரைவதைத் தடுக்கும் சில வகை மருந்துகளைத் தொடங்கப்போகிறவர்களுக்கும் பின்னால் தொல்லை தரக்கூடிய பல்லை முன்கூட்டியே எடுத்துவிடுவோம். பிறகு எடுத்தால் புண் ஆறாமல், எலும்பே செத்துப்போகிற நிலை வரலாம்.

போன வருடத்து வீக்கத்தை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டதே அதுதான். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடி மாதிரி கிடக்கும். சாப்பிடுவதில் கொஞ்சம் அந்த மூடிக்கு அடியில் போய்ச் சிக்கும். பிரஷ் அங்கே நுழையாது. கிருமி பெருகி ஈறு வீங்கும்; வீங்கிய ஈறை மேல் பல் கடிக்கக் கடிக்க இன்னும் வீங்கும். ஒரு தடவை லேசாக வந்து போனது என்பதற்காக மட்டும் பல்லை எடுக்க வேண்டியதில்லை. உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் கொப்பளிப்பது, மருத்துவர் அந்த மூடிக்கு அடியில் கழுவிவிடுவது, இவற்றிலேயே அடங்கிவிடும். காய்ச்சலோ பரவுகிற வீக்கமோ இல்லாமல் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. ஆனால் முதல் தடவையே வாய் திறக்க முடியாமல் கடுமையாக வந்தால், அல்லது லேசாகவே இரண்டாவது தடவை வந்தால், எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த விஷயத்தில் மிகவும் கறாரான பிரிட்டனின் வழிகாட்டுதல்கூட இதைத்தான் சொல்கிறது. ஆகவே உங்கள் வலது பல் முழுக்கச் சும்மா இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இனி சந்தேகமான பகுதி. வலியும் இல்லை, நோயும் இல்லை, கோணலாக மட்டும் இருக்கிறது. அப்படிப்பட்ட பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்கலாமா என்பதில் மருத்துவ உலகமே இரண்டாகத்தான் நிற்கிறது. கோணல் என்பதே அப்படியொன்றும் அதிசயமில்லை. உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சுமார் நாலில் ஒருவருக்கு ஞானப்பல் ஏதாவது ஒன்றாவது முளைக்காமல் சிக்கியிருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல், ஒரு ஞானப்பல்லாவது உருவாகவே இல்லை. 2000ஆம் ஆண்டில், எந்தச் சிகிச்சை யாருக்கு என்று அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்கக் கூடாது என்று அறிவித்தது. அமெரிக்க வாய், தாடை அறுவை மருத்துவர் சங்கம் அவ்வளவு இறுக்கமில்லை. நோய் இருந்தாலோ, நோய் வரும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தாலோ எடுக்கலாம், இல்லையென்றால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பது அதன் நிலை. இரண்டு தரப்புக்கும் ஆதாரம் எவ்வளவு என்று கேட்டால், பதில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் மறுபடி அலசியபோது, அவர்களுடைய சல்லடையில் தங்கியவை இரண்டே இரண்டு ஆய்வுகள். எடுப்பதுதான் நல்லது என்றோ, விடுவதுதான் நல்லது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. ஆகவே "ஆராய்ச்சியே சொல்லிவிட்டது" என்று எந்தப் பக்கத்திலிருந்து யார் அடித்துச் சொன்னாலும், கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

அந்த இரண்டில் ஒன்று, 416 ஆண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. சிக்கிக் கிடக்கும் ஞானப்பல் உள்ளவர்களுக்கு, பக்கத்து இரண்டாம் கடைவாய்ப்பல்லைச் சுற்றி ஈறு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது. ஆய்வில் குறைகள் உண்டு. ஆனாலும் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. பிரிட்டன் அனுபவமும் யோசிக்க வைக்கும். அந்த வழிகாட்டுதல் வந்தபின் எடுப்பது உடனே குறைந்தது. பத்தே வருடத்தில் எண்ணிக்கை மறுபடி ஏறிவிட்டது. எடுத்துக்கொண்டவர்களின் சராசரி வயது இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுக்கு மேல் போனது, சொத்தையால் எடுக்க வேண்டி வந்தவர்களும் அதிகமானார்கள். தப்பித்தவர்களில் ஒரு பகுதியினர் தள்ளித்தான் போட்டிருந்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் வலது பல்லுக்கு வருகிறேன். முழுக்கப் புதைந்த பல்லைவிடப் பாதி முளைத்த பல்தான் ஆபத்தானது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். படத்தில் பார்க்கும்போது படுத்துக் கிடப்பதுதானே பயங்கரமாகத் தெரிகிறது. ஆனால் எலும்பால் முழுக்க மூடப்பட்ட பல்லை வாயின் கிருமி தொட முடியாது. பாதி திறந்த பல்லுக்கு அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. முன்னால் சாய்ந்த பல், இரண்டாம் கடைவாய்ப்பல்லின் கழுத்தில் போய் இடிக்கும். அங்கே எனாமல் முடிந்து வேர் தொடங்குகிறது. அந்த இடுக்கில் சேருவதை எந்த பிரஷ்ஷும் எடுக்காது. சில வருடம் கழித்து அங்கே சொத்தை விழும். வலிக்காது. வலிக்கும்போது பெரும்பாலும் பல்லின் நரம்பு வரைக்கும் போயிருக்கும்.

இதில் என் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் சில வருடங்களில், எதையும் தேவையில்லாமல் வெட்டக் கூடாது என்ற வைராக்கியம் எனக்கு அதிகம். உங்களைப் போலவே ஒருவர், அதே சாய்வு, அதே பாதி முளைப்பு. "தொந்தரவு வந்தால் வாங்க" என்று அனுப்பிவிட்டேன். சொன்னதை அவர் அப்படியே கேட்டார். தொந்தரவு வந்தபோதுதான் வந்தார். ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் ஈறுக்குக் கீழே குகை மாதிரி சொத்தை. காப்பாற்ற முடியவில்லை, இரண்டையும் எடுத்தோம். ஞானப்பல் போனால் மெல்லுவதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டாம் கடைவாய்ப்பல் போனால் நஷ்டம். அன்றிலிருந்து, 'தொந்தரவு வந்தால் வாங்க' என்பதை நான் சொல்வதில்லை. எந்த மாதம் வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

இடது பல்லின் கதை வேறு. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாய் ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருகிற நரம்பு அதற்குள் போகிறது. ஆழமாகப் புதைந்த ஞானப்பல்லின் வேர் பல சமயம் இந்தக் கால்வாயை உரசிக்கொண்டிருக்கும். எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். கீழ் ஞானப்பல் எடுக்கிறவர்களில் தற்காலிகமாக இப்படி ஆவது நூற்றுக்குச் சிலருக்கு. நிரந்தரமாக நிற்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் இது எல்லோரையும் சேர்த்த சராசரி. வேர் கால்வாயோடு ஒட்டியிருப்பவருக்கு ஆபத்து இதைவிடக் கூடுதல், தள்ளியிருப்பவருக்குக் குறைவு. எனவே "எவ்வளவு சதவீதம் டாக்டர்?" என்று கேட்பதைவிட, "என் படத்தில் வேருக்கும் நரம்புக்கும் என்ன தூரம்?" என்று கேளுங்கள். ஓபிஜியில் சில அடையாளங்கள் தெரியும்: வேரின் மேல் கால்வாய் கடக்கும் இடம் கறுப்பாகத் தெரிவது, கால்வாயின் வெள்ளைக் கோடு அந்த இடத்தில் அறுந்து போவது, கால்வாய் வளைந்து விலகுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் முப்பரிமாணப் படமான கோன் பீம் சிடி எடுத்துப் பார்ப்பது நல்லது. அதை எடுத்தாலே சேதம் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டும், போகவே கூடாதா என்று தீர்மானிக்க உதவுகிறது. இதோடு உள்பக்கம் நாக்குக்குப் போகிற நரம்பும் அருகிலேயே ஓடுகிறது. அது எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது. அது பாதிக்கப்பட்டால் நாக்கின் ஒரு பாதி மரத்து, ருசியும் மாறும்.

நான் எடுத்த பற்களில், உதடு நாலு மாதம் மரத்தே இருந்த ஒருவரை இன்னும் மறக்கவில்லை. கடைசியில் உணர்ச்சி முழுக்கத் திரும்பியது. ஆனால் அந்த நாலு மாதமும் வாரம் தவறாமல் வந்து, "திரும்பிவிடும்தானே?" என்று கேட்பார். அந்தப் பல்லுக்கு நோய் ஒன்றும் இருக்கவில்லை. மற்ற பக்கத்தை எடுக்கும்போது "இதையும் சேர்த்தே முடிச்சிடலாம்" என்று எடுத்தது. அந்தக் கேள்விக்கு முன்னால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

நரம்பு மிக அருகில், ஆனால் எடுத்தே தீர வேண்டும் என்றால் இன்னொரு வழியும் உண்டு. பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை அப்படியே எலும்புக்குள் விட்டுவிடுவது. பெயர் கரோனெக்டமி. உதட்டு நரம்புக்கு ஆபத்து கணிசமாகக் குறைகிறது. விட்ட வேர் மெல்ல மேலே நகர்ந்து வரும், சிலருக்கு அதைப் பிறகு எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் அது நரம்பிலிருந்து விலகியிருக்கும் என்பதால் பெரும்பாலும் சுலபம். வேருக்குள் கிருமி புகுந்திருந்தாலோ, வேர் ஆடினாலோ இதைச் செய்யக் கூடாது.

"வயது ஏற ஏறக் கஷ்டம்" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. இருபதுகளின் தொடக்கத்தில் எலும்புக்குக் கொஞ்சம் நெகிழ்வு இருக்கிறது, புண்ணும் சீக்கிரம் ஆறும். முப்பத்தைந்துக்கு மேல் எலும்பு இறுகிவிடுகிறது, எடுக்க நேரமும் பிடிக்கிறது, சிக்கல்களும் கூடுகின்றன. ஆனால் அந்த வாதத்தை வைத்து 24 வயதில் அவசரப்படுத்த வேண்டியதில்லை. யோசிக்கவும், இன்னொருவரிடம் காட்டவும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. எடுக்கப்போவது உறுதி என்று தெரிந்த பிறகு நாற்பது வரை இழுப்பதுதான் வீண்.

முன்பற்கள் நெருக்கிக்கொண்டு கோணலாகிவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். பின்னாலிருந்து ஞானப்பல் தள்ளுவதால்தான் முன்பற்கள் நெருங்குகின்றன என்பது பல் மருத்துவர்களிடையேகூட நெடுநாள் நம்பிக்கை. 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஞானப்பல் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஐந்து வருடத்துக்கு மேல் ஒப்பிட்டுப் பார்த்தது; முன்பல் நெருக்கத்தைத் தடுப்பதற்காக ஞானப்பல்லை எடுப்பதை நியாயப்படுத்த முடியாது என்று முடித்தது. சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கடைசிவரை வரவில்லை என்பதால் அதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஞானப்பல்லே உருவாகாதவர்களுக்கும் வயதாக ஆக முன்பல் நெருங்குகிறதே. ஆகவே இந்தக் காரணத்துக்காக மட்டும் எடுக்காதீர்கள். கண் பார்வை பற்றிய பயத்துக்கு ஒரு வரி போதும்: பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, ஞானப்பல் எடுப்பதால் பார்வை குறையாது.

மேல் பற்கள் இரண்டும் நேராக முளைத்து, பிரஷ் எட்டுகிறது என்றால் அவற்றைத் தொட எனக்குக் காரணம் தெரியவில்லை. கீழ்ப்பல் போனபின் சில சமயம் மேல்பல் கீழிறங்கி ஈறையோ கன்னத்தையோ கடிக்கும். அப்போது எடுத்துக்கொள்ளலாம், மேல்பல் எடுப்பது பெரும்பாலும் சில நிமிட வேலை.

உங்கள் இடத்தில் என் தம்பி இருந்தால் என்ன சொல்வேன்? வலது பல்லுக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே அளவுகோல் கம்பியை விட்டு ஆழம் பார்க்கச் சொல்வேன். 4 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினாலோ, அந்த இடத்துச் சிறிய எக்ஸ்ரேயில் சொத்தையின் நிழல் தெரிந்தாலோ, ஈறு இன்னொரு தடவை வீங்கினாலோ வலதை எடுத்துவிடச் சொல்வேன். இவை ஒன்றுமே இல்லாவிட்டாலும், அந்தச் சாய்வில் பாதி முளைத்த பல்லை இந்த வயதில் எடுப்பதையே நான் விரும்புவேன். இங்கே நான் ஆதாரத்தைவிட அனுபவத்தை நம்பிப் பேசுகிறேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நைஸ் வழிகாட்டுதலை அப்படியே பின்பற்றுகிறவர் மறுப்பார், அவர் மறுப்பதிலும் நியாயம் உண்டு. இடதை விட்டுவிடுவேன். ஆனால் வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது எக்ஸ்ரே எடுத்து, பல்லைச் சுற்றியுள்ள கறுப்பு வளையம் பெரிதாகிறதா, அதாவது நீர்க்கட்டி ஆரம்பிக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். தொடர்ந்து போய்ப் பார்க்கிற ஆள்தானா நீங்கள் என்பதை உங்களுக்கு நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அடிக்கடி ஊர் மாறுகிறவர், மருத்துவரைக் கண்டாலே ஒதுங்குகிறவர் என்றால் கணக்கு மாறும்.

எடுப்பதாக முடிவானால், பெரும்பாலானவர்களுக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். வீக்கம் இரண்டாவது மூன்றாவது நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பயப்படாதீர்கள். பாரசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு, இரண்டும் சேர்ந்து தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாக வலியைக் கட்டுப்படுத்தும். குறைந்துகொண்டிருந்த வலி மூன்றாம் நாளுக்கு மேல் திடீரென்று ஏறி, காதுவரை இழுத்து, வாய் நாறினால் குழியில் உறைந்த ரத்தம் கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். டிரை சாக்கெட் என்போம். மருத்துவர் கழுவி மருந்து வைத்தால் அடங்கும். புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது.

எடுக்காமல் காத்திருக்கிற காலத்துக்கு இதை நினைவில் வையுங்கள். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காவிட்டாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, காய்ச்சலோடு தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம் ஏறினாலோ, அன்றைக்கே போக வேண்டும். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் பல் மருத்துவரைத் தேட வேண்டாம். ராத்திரியானாலும் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.